ஏர்போர்ட்டுக்கு யார் வருவது

அன்பு மகளுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. நான் இருக்கிறேன், வீடு இருக்கிறது, மருமகள் திட்டிக்கொண்டே என் இடுப்புக்குத் தைலம் தேய்க்கிறாள், அதனால் இங்கே எல்லாரும் சுகம் என்றே வைத்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பெரியவனும் சின்னவளும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும். உன்னையும் உன் தம்பியையும் நான் ஒருத்தனாக விமானத்தில் கூட்டிக்கொண்டு வந்தது எந்த வருஷம் என்று பெரியவன் கேட்டதாகப் போன வாரம் சொன்னாய். எனக்கு நம்பரில் வருஷம் தெரியாது. ஆற்றுப்பாலம் நடுவில் உட்கார்ந்துபோய் ஊரே படகில் போய்வந்த வருஷம். ரொட்டி ஆலை தீப்பிடித்து, வாரக்கணக்கில் கருகின வாசம் துணியில் ஒட்டிக்கொண்டு கிடந்த வருஷம். பட்டப்பகலில் சூரியன் மறைந்து கோழியெல்லாம் கூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட வருஷம். நான் அப்போது இங்கே இல்லை, ஆனாலும் வந்து இறங்கின அன்றைக்கே ஆளாளுக்கு இந்த மூன்றையும் என் காதில் போட்டுவிட்டார்கள், மறக்க வழியில்லை. அதை வைத்து டைப்பிஸ்ட் அம்மா விரல் விட்டு ஒரு நம்பர் சொன்னார். நம்பரை விடு, உனக்கு நாலு வயசு, உன் தம்பி இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை, அது போதும்.

டைப்பிஸ்ட் அம்மா என்றது நம்ம கீழ்வீட்டில் புதிதாக வந்திருக்கிறவர், கோர்ட்டில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். "ஐயா, ஜட்ஜே இவ்வளவு வேகமாப் பேசமாட்டார், கொஞ்சம் மூச்சு விடுங்க" என்று இப்போதே முறைக்கிறார். போனில் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று நீ நினைப்பாய். போனில் நான் உன் தம்பி பேச்சை எடுத்தால் உடனே "அப்பா, வேற ஏதாவது பேசுங்க" என்கிறாய். மீறிப் பேசினால் "சின்னவ அழறா, வைக்கிறேன்" என்கிறாய். அவள் சிரிக்கிற சத்தம்தான் எனக்குக் கேட்கிறது. கடுதாசியை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, வைத்தாலும் அது மேஜை மேலேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் இது.

நீ டிக்கெட் போட்டுவிட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஜன்னலுக்குப் போகிறேன், ஜன்னலில் என்ன இருக்கிறது, எதிர்வீட்டுத் துணிக்கொடி இருக்கிறது, திரும்பி வருகிறேன், மறுபடி போகிறேன். "தரை தேஞ்சுபோச்சுன்னா வீட்டுக்காரன் நம்மளத்தான் கேப்பான், கொஞ்சம் உக்காருங்க மாமா" என்கிறாள் மருமகள். எப்படி உட்காருவது. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்பதும், நீ ஒருத்தியாக ரெண்டு பிள்ளைகளோடு நடுவில் ஒரு இடத்தில் இறங்கி வேறு விமானம் மாறி வருகிறாய் என்பதும் ஒரு கவலை. ஆனால் அது பெரிய கவலை இல்லை, நீ படித்தவள், போர்டைப் பார்த்துப் போய்விடுவாய். நீ சொன்ன இன்னொன்று இருக்கிறதே, அதுதான் என்னை அரிக்கிறது. "ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேணாம், நான் டாக்ஸி புடிச்சு வந்துக்கறேன். அவன் வீட்டுல இருந்தா சொல்லிடுங்க, நான் வெளியில ரூம் எடுத்துக்கறேன்" என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உன் தம்பி அடுத்த அறையில் அலமாரிக்குக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தான். திருகு முடுக்குகிற சத்தம் நின்றது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது, அவ்வளவுதான்.

பெரியவன் கேட்டதற்குப் பதிலாக அந்தப் பயணத்தை முழுசாகச் சொல்கிறேன், நீ அவனுக்குச் சொல்லு. உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும், ஆனால் நாலு வயசு ஞாபகத்தை நம்ப முடியாது, என் ஞாபகத்தை நம்பலாம். அப்போது நாம் இருந்த வெளிநாட்டில், ஒரு ஹோட்டலில் நான் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்த்தேன், உன் அம்மா சமையல்கட்டில் இருந்தாள். ஊரிலிருந்து எங்க அப்பா, "கண்ணு மங்குது, பேரப்பிள்ளைங்க மொகத்தப் பாக்கணும்"னு ஆள் மூலமாகச் சொல்லியனுப்பினார். மேனேஜர், புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரையும் ஒரே சமயத்தில் விடமாட்டேன், ஒருத்தர் போய் வந்தால்தான் அடுத்தவர் என்று சொல்லிவிட்டான். அடுத்த வருஷம் சேர்ந்து போகலாம் என்று நான் சொன்னேன். உன் அம்மாதான், "மங்கற கண்ணு அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்குமா, நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றாள். ஒரு எழுத்துத் தெரியாதவன் கையில் ரெண்டு பிள்ளைகளைக் கொடுத்து அனுப்புகிறோமே என்று அவளுக்கும் பயம்தான். அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். என் சட்டைப் பையில் ஒரு நல்ல பேனாவைக் குத்திவிட்டாள். விமானத்தில் ஃபாரம் கொடுப்பார்கள், எல்லாரும் பேனாவுக்கு அலைவார்கள், நீங்கள் பேனாவைக் கொடுங்கள், கொடுத்துவிட்டு அப்படியே நம்ம ஃபாரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள் என்றாள். கோர்ட்டில் இருந்திருந்தால் பெரிய வக்கீலாகியிருப்பாள் என்கிறார் டைப்பிஸ்ட் அம்மா.

நடுவில் இறங்கி விமானம் மாற வேண்டிய இடம் ஒன்று. ஊரை அப்படியே கூரை போட்டு மூடின மாதிரி ஒரு கட்டடம், தரையெல்லாம் முகம் பார்க்கலாம், எங்கே திரும்பினாலும் போர்டு. எனக்கு அது எல்லாம் ஒரே பூச்சிக்கோலம். இடது கையில் உன் தம்பி, வலது கையில் நீ, தோளில் பால்புட்டிப் பை. யாரைக் கேட்பது, எந்த பாஷையில் கேட்பது. நம்ம விமானத்தில் நமக்கு முன்வரிசையில் உட்கார்ந்து வந்த ஒரு ஆளைப் பார்த்தேன், நம்ம பாஷை பேசினவர், கக்கத்தில் மடித்த ஆங்கிலப் பேப்பர். அடடா, இவர் படித்தவர், நம்ம ஊருக்குத்தான் போகிறார், இவர் பின்னாலேயே போய்விடலாம் என்று முடிவு கட்டினேன். வாய்விட்டுக் கேட்டால் படிக்கத் தெரியாதவன் என்று தெரிந்துவிடுமே, அந்த வெட்கம் வேறு. அவர் போனார், நானும் போனேன். அவர் நின்றார், நானும் நின்று கடையில் வாட்ச் பார்க்கிற மாதிரி பார்த்தேன். அவர் திரும்பினார், நானும் திரும்பினேன். உனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. ரெண்டு கதவு, எது ஆணுக்கு எது பெண்ணுக்கு என்று தெரியாமல், எந்தக் கதவிலிருந்து மீசை வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நீ காலை மாற்றி மாற்றிக் குதிக்கிறாய். வெளியே வந்து பார்த்தால் அந்தப் பேப்பர்காரர் போகாமல் தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார். நல்ல மனுஷன், பிள்ளைக்காரனுக்காகக் காத்திருக்கிறார் என்று உருகிவிட்டேன். மறுபடி நடை. அதே வாட்ச் கடை மறுபடி வந்தது. இன்னொரு சுற்று, மறுபடி அதே வாட்ச் கடை. அப்போது அவர் சட்டென்று திரும்பி, "சார், நீங்க எந்தக் கேட்டுக்குப் போறீங்க, ரொம்ப நேரமா உங்கள நம்பித்தான் நடக்கறேன்" என்றார். நான் உங்களைத்தானே நம்பி நடக்கிறேன் என்றேன். அவர் என் சட்டைப் பையைக் காட்டி, "பேனா வச்சிருக்கீங்களேன்னு பாத்தேன்" என்றார். நான் அவர் கக்கத்தைக் காட்டினேன். "இதா, கீழ விரிச்சு உக்காரலாம்னு சீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்தேன்" என்றார். அவர் கொத்தனார். அவர் முன்னால் போகிறார் என்று நான் நினைக்க, நான் முன்னால் போகிறேன் என்று அவர் நினைக்க, ரெண்டு பேரும் யார் முன்னால் யார் பின்னால் என்று தெரியாமல் அந்தக் கட்டடத்தைச் செக்கு மாதிரி சுற்றியிருக்கிறோம். எழுதிக்கொண்டிருக்கிற அம்மாவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை, கையெழுத்து கோணியிருந்தால் மன்னித்துக்கொள்.

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மைக்கில் ஏதோ கத்துகிறார்கள், நம்மைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்க்கிறேன். உன்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து உன் மடியில் தம்பியைப் படுக்கவைத்து, "அசையக் கூடாது, தம்பிய யார்கிட்டயும் விடக் கூடாது, அப்பா இதோ வந்துட்டேன்"னு சொல்லிவிட்டு, அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக யாரையாவது கேட்கப் போனோம். போனவன் திரும்பிவர வழி தெரியாமல் கொஞ்சம் திண்டாடினேன். உன்னை எங்கே வைத்தேன் என்பதே குழம்பிவிட்டது, எல்லா நாற்காலியும் ஒரே நீலம். அந்த நேரத்தில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். வந்து பார்த்தால் நீ வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறாய். தம்பி உன் கவுனை நனைத்துவிட்டுத் தூங்குகிறான். ரெண்டு கையையும் அவனைச் சுற்றிப் பூட்டின மாதிரி கோத்திருந்தாய். யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டியிருக்கிறாள், நீ கடித்துவிட்டாய். கடைசியில் நம்மைக் காப்பாற்றினது தரை துடைக்கிற ஒரு அம்மாள். நாம் சுற்றினதை எல்லாம் பார்த்துக்கொண்டே துடைத்திருக்கிறாள். என் கையில் இருந்த சீட்டைப் பிடுங்கிப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள், உன்னையும் தம்பியையும் தள்ளுவண்டியில் ஏற்றி ஓட ஆரம்பித்தாள். பின்னால் நான், எனக்குப் பின்னால் கொத்தனார், பேப்பர் ஒவ்வொரு தாளாகப் பறக்கிறது. கதவை மூடப் போகிற நேரத்தில் உள்ளே தள்ளிவிட்டாள். அவளுக்கு நன்றி சொல்லக்கூட பாஷை இல்லை. அந்தப் பேனாவைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஃபாரத்துக்குப் பேனா இல்லாமல் அப்புறம் அலைந்தது தனிக் கதை.

விமானத்தில் தம்பிக்குத் தொட்டில் மாட்டித் தந்தார்கள். நீ விடவில்லை. "அப்பா விடக் கூடாதுன்னு சொல்லிச்சு" என்று ஒரே பிடி. விடு என்று நானே சொன்னேன், அப்போதும் விடவில்லை. உன் கை மரத்துப்போய் விரல் வெளுத்துவிட்டது. இறங்கி வெளியே வந்தால் ஐந்து பேர் ஒரு வேன் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். எங்க அப்பா, எங்க அக்கா, அக்கா புருஷன், என் தம்பி, வேனை இரவல் கொடுத்த நம்ம தையல்காரர். எங்க அப்பாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முடி நரைத்துவிட்டதாம், மகன் அடையாளம் தெரியாமல் திண்டாடக் கூடாது என்று காலையில் மை பூசிக்கொண்டு வந்திருக்கிறார். வெயிலில் அது வழிந்து காதோரமெல்லாம் கறுப்பு. அவர் கையை நீட்டிக்கொண்டு வருகிறார், நான் யாரோ என்று விலகி நிற்கிறேன். "டேய், நான்தான்டா" என்று அவர் கத்தினதில் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எங்க அக்கா உன் தம்பியை வாங்கப் பார்த்தாள், நீ அவளையும் கடிக்கத் தயாராக இருந்தாய். "அப்ப ரெண்டையும் சேத்தே தூக்கிட வேண்டியதுதான்" என்று ஒரே மூட்டையாகத் தூக்கி வேனில் போட்டாள். கொத்தனாரைக் கூப்பிட அவர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, தகவல் போய்ச் சேரவில்லை போல. அந்த மனுஷன் பெட்டி மேல் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. இத்தனை வருஷம் வெளியே கிடந்துவிட்டு வருகிறவனுக்கு அந்தக் கதவு திறக்கும்போது கூட்டத்தில் ஒரு தெரிந்த முகம் இல்லை என்றால், அவன் இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம். அவரையும் வேனில் ஏற்றிக்கொண்டோம். அவர் நமக்கு மாமா ஆனது அப்படித்தான்.

இப்போது நீ காது கொடுக்க மறுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். டைப்பிஸ்ட் அம்மா, "இத எழுதணுமா, பொண்ணு ஊருக்கு வர நேரத்துல" என்கிறார். எழுதுங்கள் என்றேன். உன் அம்மா போன அன்றைக்கு நீ ஏழு மாசம், சின்னவள் வயிற்றில். டாக்டர் விமானம் ஏறவே கூடாது என்றார். அதனால் போனில் பார்த்தாய். உன் தம்பிதான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். தூக்குகிற நேரத்தில் போன் கட்டாகிவிட்டது, நீ திரும்பத் திரும்ப அடித்தாய், அவன் எடுக்கவில்லை. "கடைசியா மொகத்தக் கூடப் பாக்கவிடாமப் பண்ணிட்டான்" என்று நீ சொன்னது எல்லார் காதுக்கும் வந்தது, அவன் காதுக்கும் வந்தது. மூன்று வருஷமாக நீ அவனோடு பேசவில்லை. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன், சேர்த்தும் சொல்லவில்லை குறைத்தும் சொல்லவில்லை. தூக்க ஆள் வந்தார்கள். தலைப்பக்கம் பிடிக்க வேண்டியவர் தடுமாறினார், அம்மா தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இவன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ரெண்டு கையையும் அம்மா தலைக்கு அடியில் கொடுத்தான். அதற்கப்புறம் கையை எடுக்கவில்லை. படி இறங்கினான், வண்டி வரைக்கும் போனான், பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நடந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவனுக்குக் கேட்காமல் இருக்காது. எனக்கும் அந்த நேரத்தில் அதை எடுத்துப் பேசத் தோன்றவில்லை, எனக்கு எதுவுமே தோன்றவில்லை. சரி, அது அப்போது. சாயங்காலம் ஏன் கூப்பிடவில்லை, மறுநாள் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. அவன் ஊமைக் கோட்டான் என்று உனக்கே தெரியும். லிஃப்ட் ரிப்பேர் வேலையே செய்து செய்து, ரெண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டு இருக்கிறதுதான் அவனுக்குச் சௌகரியம் போல. அதை அவனிடம் கேட்க வேண்டியவள் நீ. உரக்கக் கேள், திட்டிக் கேள், வேண்டுமானால் கடித்தும் கேள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக் கேள்.

நீ வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து அவன் செய்கிற காரியங்களைக் கேள். பால்கனிக் கம்பி இடைவெளியில் பெரியவன் தலை நுழையும் என்று வலை அடித்திருக்கிறான். சுவிட்ச் போர்டை எல்லாம் கழற்றி மேலே ஏற்றிவிட்டான், எனக்கு இப்போது விளக்குப் போட எட்டவில்லை. குளியலறை உள்தாழ்ப்பாளைப் பிடுங்கிவிட்டான், பிள்ளைகள் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று. அதனால் இந்த வீட்டில் யார் குளித்தாலும் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டியிருக்கிறது, என் பாட்டைக் கேட்டுக் கீழ்வீட்டிலிருந்து புகார் வந்திருக்கிறது, புகார் கொடுத்தவர்தான் இதை எழுதுகிறார். தெரிந்த டாக்டர் வீட்டிலிருந்து குழந்தை உட்காருகிற கார் சீட் வாங்கி வந்து மாட்டியிருக்கிறான். சின்னவள் எவ்வளவு உயரம் இருப்பாள் என்று மருமகளைக் கேட்டானாம். போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று சொல்லாமல், ஏர்போர்ட்டுக்குப் போனான். என்னை வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டு, வெளியே வருகிற வாசல் எது, வண்டி எங்கே நிறுத்தினால் பிள்ளைகள் வெயிலில் நடக்க வேண்டாம் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பார்க்கிங்காரன் யாரைக் கூப்பிட வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறான். "இன்னிக்கு இல்ல, அக்கா அப்புறம்தான் வருது" என்று இவன் சொன்னது கண்ணாடி வழியாக எனக்குக் கேட்டது. அக்கா என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து ரொம்ப நாளாகிறது.

திரும்பி வரும் வழியில், அன்றைக்கு நீயே வந்து வாசலில் நில், அக்காவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். "வேணாம்பா, என்னப் பாத்தா அது புள்ளைங்களயும் இழுத்துட்டு ரூமுக்குப் போயிடும். நான் ஒர்க் ஷாப்லயே படுத்துக்கறேன், அது போற வரைக்கும்" என்றான். வெறும் பேச்சு இல்லை, பையைக் கட்டி வைத்துவிட்டான். ரெண்டு சட்டை, ஒரு போர்வை, டூல்ஸ். அந்தப் பை கதவுப் பக்கத்தில் இருக்கிறது, நான் ஜன்னலுக்குப் போகும்போதெல்லாம் வாக்கர் அதில் இடிக்கிறது. மருமகள் அதை எடுத்து உள்ளே வைக்கிறாள், அவன் எடுத்து மறுபடி அங்கே வைக்கிறான். நீ வருகிற அன்றைக்கு இந்த வீட்டில் அவன் இல்லை என்றால், அவன் அடித்த வலைக்குள் உன் பிள்ளைகள் விளையாடுவார்கள், அவன் ஏற்றின சுவிட்சை நீ போடுவாய், அவனோ லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் படுத்திருப்பான். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது அம்மாடி. உன்னிடம் மன்னிப்புக் கொடு என்று கேட்கவில்லை. அதெல்லாம் பெரிய வார்த்தை, நம்ம வீட்டில் யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை, வாங்கினதும் இல்லை. "வரட்டும்" என்று ஒரு வார்த்தை போனில் சொல். என்னிடம் சொன்னால் போதும், நான் கத்தி அவனிடம் சொல்லிக்கொள்கிறேன். மற்றதை நேரில் அடித்துக்கொள்ளுங்கள்.

வரும்போது கவனிக்க வேண்டியது. பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி எடுப்பாய், உனக்கும் ஒன்று கைப்பையில் எடு, வாந்தி எப்போதும் அம்மா மேல்தான் விழும். விமானம் இறங்கும்போது சின்னவளுக்குக் காது அடைக்கும், குடிக்க ஏதாவது கொடு, பெரியவனுக்கு மெல்ல ஏதாவது கொடு. விளையாட்டுச் சாமானை எல்லாம் ஏறினவுடனே எடுத்து நீட்டாதே, ஒவ்வொன்றாக எடு. நடுவில் இறங்குகிற இடத்தில் பெரியவன் சட்டையில் உன் போன் நம்பரை எழுதிக் குத்திவிடு. அவனை நம்பித் தங்கச்சியை விட்டுவிட்டு எங்கேயும் போகாதே, பாத்ரூமுக்கானாலும் மூன்று பேருமாகப் போங்கள். எனக்கு ஒன்றும் வாங்கி வராதே, இருக்கிற சட்டையே போட ஆயுசு போதாது. மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல், தனியாக இருக்கிற நாளில் பட்டினி கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் தாத்தாவின் முத்தம், தாத்தா நடப்பதற்கு நாலு கால் வண்டி வைத்திருக்கிறார், வந்தால் ஓட்டத் தருவார் என்று சொல். நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், பத்திரமாக, ஒருத்தர் கையை ஒருத்தர் விடாமல் வந்து இறங்க வேண்டும். மறந்துவிடாதே, போன் பண்ணு, அந்த ஒரு வார்த்தை.

இன்னொன்றும் எழுதிவிடுங்கள் என்று சொல்லி அம்மாவை மறுபடி உட்காரவைத்திருக்கிறேன். ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம் என்றாயே, வர யார் இருக்கிறார்கள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு மை பூசிக்கொண்டு வந்த எங்க அப்பா, நாம் திரும்பிப் போன அடுத்த மழைக்காலத்திலேயே போய்விட்டார், ஆனால் பேரன் பேத்தி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். உங்களை மூட்டையாகத் தூக்கின அக்கா, நான் ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, ஒரு மத்தியானம் அரிசி களைந்துகொண்டே இருந்தவள் அப்படியே சாய்ந்தாள். அவள் புருஷன் அதற்கப்புறம் யாரோடும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசாமலே இருந்து போனார். என் தம்பி லாரியில் போனவன் திரும்பவில்லை, அது உனக்குத் தெரியும். தையல்காரர் பார்வை போய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் வேனை நன்றாகக் கழுவினீர்களா என்று கேட்டார், அதோடு சரி. நம்மோடு சுற்றின பேப்பர்கார மாமா போன வருஷம் போனார், நீ வருவாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், கொத்தனாரை நம்பி நடந்தவள் பெரிய ஊரில் இருக்கிறாள் என்று பார்க்கிறவனிடமெல்லாம் சொல்வார். நம்மை அனுப்பிவைத்துவிட்டுத் தான் மட்டும் அங்கேயே நின்ற உன் அம்மாவும் இல்லை. நான் இருக்கிறேன், ஆனால் இந்த இடுப்போடு என்னால் வாசல் வரைக்கும் வர முடியாது, வந்தாலும் அவ்வளவு நேரம் நிற்க முடியாது, என்னைக் கணக்கில் சேர்க்காதே. அந்தப் பயணத்தில் இருந்தவர்களில், அந்தக் கதவு திறக்கும்போது எழுந்து நின்று உன்னைத் தேடிப் பார்க்க, உயிரோடு மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு ஆள், உன் தம்பி.

இப்படிக்கு,
அப்பா